மனோகரை முன் இருக்கையில் உட்கார வை

கோரமண்டல்,
செவ்வாய்க்கிழமை.

என் மகள் ஜூடித்துக்கு அப்பா வாய்விட்டுச் சொல்ல ஐடா சித்தி எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் சித்தியும் உன் அண்ணன் ஹரோல்டும் இங்கே நலமாயிருக்கிறோம், என் முழங்கால் வலியும் என்னோடு நலமாகவே இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று இந்தத் தடவை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்பாய். இத்தனை நாளாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாய், நானும் ஆமென் ஆமென் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வருஷத்தின் நம்பர் நிற்காது, அந்த வருஷம் என்ன நடந்தது என்பது நிற்கும். கொரோனா வந்து மாரிகுப்பம் ரயிலை நிறுத்தினார்களே, தண்டவாளத்தில் ஆடு படுத்துத் தூங்கியது, நம் சபையில் ஈஸ்டருக்குக்கூடக் கதவு திறக்கவில்லை, எதிர்வீட்டுச் செல்வமணி மகள் கல்யாணத்துக்குப் பதினைந்து பேருக்கு மேல் வரக்கூடாது என்று போலீஸ் சொல்லி பிரியாணி அண்டா பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போனது, ஹரோல்ட் பெங்களூருக்கு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்து தாடி வளர்த்தான், அந்த வருஷம். அந்த வருஷத்திலேயே உங்கள் ஹாலந்து டாக்டர், மனோகருக்கு இரண்டு கண்ணும் ஓரத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டாராம். ஆக அந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரைக்கும் ஐடாவுக்குத் தெரியும், ஹரோல்டுக்குத் தெரியும், சபை வாத்தியார் மனைவிக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. நடுவில் இரண்டு தடவை ஊருக்கு வந்து இதே வீட்டில் தூங்கி எழுந்து போயிருக்கிறீர்கள். போன தடவை மாப்பிள்ளை டீ டம்ளரை எடுக்கப் போய்க் கையைக் காற்றில் வைத்தார், டீ என் மடியில் கொட்டியது, நான் இன்னா மாப்ள, வெயில்ல சுத்திட்டு வந்தீங்களா என்று சிரித்தேன். வாசற்படியில் இடித்துக்கொண்டபோது பாத்து நடக்கக்கூடாதா என்று அதட்டினேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லையே ஜூடித். கண் தெரியாத மனுஷனைப் பார்த்து நட என்று என் வாயால் சொல்ல வைத்துவிட்டாயே. அப்பாவுக்கு வயசாகிவிட்டது, தாங்கமாட்டார் என்று சொன்னாயாம். தங்கச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இறங்கி ஏறியவன் நான், எதைத் தாங்குவேன் எதைத் தாங்கமாட்டேன் என்று நீ எந்தத் தராசில் வைத்துப் பார்த்தாய்?

இது வெளியே வந்ததுகூட நீ சொல்லி வரவில்லை, ஒரு சைக்கிள் படத்தால் வந்தது. ஐடாவின் போனுக்கு நீ மூன்று சைக்கிள் படம் அனுப்பி, சித்தி இதில் எதை வாங்கலாம், அப்பாவுக்கும் சும்மா காட்டுங்கள், சிரிப்பார் என்று எழுதியிருந்தாய். நானும் சிரித்தேன். சைக்கிளா அது? சாய்வு நாற்காலி இரண்டை ஒரே கம்பியில் கட்டி, மிதிகட்டையைக் காலுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, மனுஷன் மல்லாந்துகொண்டே போகிற மாதிரி ஒரு வண்டி. ராபர்ட்சன்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மஞ்சுநாத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரியவரே, இதுல ஏறிப் போறதா, இல்ல நாலு பேரு தூக்கினு போறதா என்றான். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்புறம் அவனே குனிந்து பார்த்துவிட்டு, செயின் எவ்ளோ நீளம் பாருங்க, மூணு வண்டி செயின் இதுல போயிருக்கும், முதுகு வலிக்காரங்களுக்கு நல்லது, அவங்க ஊர்ல ரோடு இப்படி இல்லையே என்று வாசலில் இருந்த பள்ளத்தைக் காட்டினான். வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ ஒரு சைக்கிள் வைத்திருக்கிறாய், மாப்பிள்ளை ஒன்று வைத்திருக்கிறார், அந்த ஊரில் சைக்கிள் ஓட்டாத ஆளே கிடையாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆளுக்கொரு வண்டி இருக்கிற புருஷன் பெண்சாதி எதற்கு இரண்டு பேருக்கு ஒரு வண்டி தேடுகிறார்கள்? ஐடாவைக் கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள், திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். மச்சான், மனோகர் இனிமே தனியா ஓட்டக்கூடாதாம் என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். இப்போது இதை எழுதும்போதும் மூக்கை உறிஞ்சுகிறாள். எழுதும்மா, நிறுத்தாதே.

கண் எப்படிப் போகிறது என்று ஐடா விளக்கினாள். எனக்கு விளக்கத் தேவையில்லை. நேராக இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது, அந்த நேரானதும் நாளுக்கு நாள் சின்னதாகிறது என்றால், அது எங்கள் தலையில் மாட்டிக்கொண்டு போன லைட் மாதிரிதான். லைட் விழுகிற இடம் மட்டும்தான் உலகம், மிச்சமெல்லாம் கருப்பு, தலையைத் திருப்பினால்தான் பக்கத்தில் நிற்பவனின் முகம். பேட்டரி இறங்க இறங்க அந்த வட்டமும் சுருங்கும். அந்த வட்டத்துக்குள் நான் பாதி ஆயுசு இருந்தவன். இந்த ஊரில் மாப்பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லாமலா போய்விட்டது? என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே போனில் கூப்பிட்டு, எப்படித் தலையைத் திருப்பணும், இருட்டில் சுவரை எந்தக் கையால் தடவணும் என்று நான் பேசியிருப்பேன்.

சரி, மறைத்ததைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் இருக்கிற கோபத்தை இப்போது சொல்கிறேன். நீ குரல் பதிவு அனுப்பியதை ஐடா எனக்கு ஆறு தடவை போட்டுக் காட்டினாள். முதல் வண்டியில் இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் சாய்ந்து உட்காரணும், முன்னால் உட்காருபவர் திருப்புவார், பின்னால் உட்காருபவர் சும்மா மிதித்தால் போதும், இரண்டு பேரின் மிதியும் ஒரே செயினில், உன் கால் சுற்றினால் அவர் காலும் சுற்றியாகணும். இரண்டாவது வண்டியில் முன்னால் உட்காருபவர் காலை நீட்டிச் சாய்ந்துகொள்வார், பின்னால் உட்காருபவர் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் தலைக்கு மேல் பார்த்து வண்டியைத் திருப்புவார், முன்னால் இருப்பவர் வேண்டுமென்றால் மிதிப்பார், வேண்டாமென்றால் காலை நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாவது மூன்று சக்கரம், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தபடி போகிறது, ஆனால் அகலம், உங்கள் தெருப் பாதைக்கும் கொட்டகைக் கதவுக்கும் கஷ்டம். நீ முதல் வண்டி என்று முடிவு செய்துவிட்டாய். மனோகர் பின்னால் பத்திரமாக இருப்பார், எனக்கும் சாய்ந்து உட்கார இடுப்புக்கு நல்லது என்றாய். அந்த முதியோர் இல்லத்தில் கிழவன் கிழவிகளைத் தூக்கித் தூக்கி உனக்கு இடுப்பு போனது எனக்குத் தெரியும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஹரோல்டும் அதையேதான் சொன்னான். முன்னாடி உக்கார வெச்சா எது வந்து மோதுனாலும் மச்சான் கால்தாம்பா மொதல்ல ஒடையும், ஒனக்கு இன்னா தெரியும் இதப்பத்தி, பேசாம இரு என்றான். பேசாமல்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாப்பிள்ளையிடம் நானே போனில் பேசினேன். இன்னா மாப்ள, எந்த வண்டி உங்களுக்குப் பிடிச்சிருக்கு என்று கேட்டேன். அவர், அவ எங்க உக்காரச் சொல்றாளோ அங்க உக்கார்றேன் மாமா, நா லோடு தானே என்றார்.

ஜூடித், உங்கள் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கட்டில் ஆடுது மாமா, பதினேழாம் நம்பர் ஸ்பானர் இருக்கா என்று கூடம் நிறைய ஆட்கள் இருக்கிற இடத்தில் வந்து கேட்ட மனுஷன் அவர். உன் அத்தைமார்கள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார்கள், அவருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. அவருடைய அப்பாவும் ஃபாக்டரியில் லேத் ஓட்டியவர், இவரும் அங்கேயே தொழில் கற்றுக்கொண்டு ஹாலந்து போனவர், ஒரு நூல் தடிமன் கூடினாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். எதையும் திறந்து பார்க்காமல், எப்படி ஓடுகிறது என்று கேட்காமல் விட்டதே இல்லை. அந்த ஆளுக்கு முன்னால் ஒரு புது மாதிரி வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறாய், அவர் செயின் எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை, பிரேக் எங்கே என்று கேட்கவில்லை, நான் லோடு என்கிறார். ஊரில் எல்லாரிடமும் கேட்டாயே, அவரிடம் கேட்டாயா? கடையில் அவரை இரண்டிலும் உட்கார வைத்துப் பார்த்தாயா? உட்கார வைத்திருக்கமாட்டாய். நேரமில்லை என்பாய். கண் போனதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த மனுஷனை மூட்டை மாதிரி உன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றப் போகிறாயே, அது நீ செய்கிறது.

எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா என்று நேற்று ஐடாவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி மாரிகுப்பம் போய்ச் சம்பங்கியைப் பார்த்தேன். உனக்கு அவனை நொண்டி மாமா என்றுதான் தெரியும், கிறிஸ்துமஸுக்கு உனக்கு வளையல் வாங்கி வருவானே. மகன் வைத்திருக்கிற போன் ரீசார்ஜ் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், இன்னா இன்பா, யாரு செத்துட்டாங்க என்றான். நானும் அவனும் சாவு வீட்டில்தான் பார்த்துக்கொள்வோம், அதனால் அப்படிக் கேட்டான். யாரும் சாவல, ஒரு சைக்கிள் பாக்கணும் என்றேன். உனுக்கா, எந்தக் கால வெச்சி மிதிப்ப, உன் முட்டிய பாத்தா சைக்கிளே அழுவும் என்றான். விஷயத்தைச் சொன்னேன். போனை வாங்கி, அந்தக் கடையில் உட்கார்ந்து பழகிவிட்டானே, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி நன்றாகப் பார்த்தான். கண்ணு தெரியாத புள்ள எதுல உக்கார்றான் என்று கேட்டான். பின்னாடி, ஜூடித் அதைத்தான் முடிவு பண்ணியிருக்கிறாள் என்றேன். அவன் நொண்டிக் கால் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். அப்பன் புத்தி அப்படியே வந்துகீதுடா என்றான்.

நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. சம்பங்கி மாமா மேல் பாறை விழுந்தது என்று நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன், உன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். பாறை விழவில்லை. பிரதமர் அம்மாவைச் சுட்டு ஊரில் கடையெல்லாம் அடைத்தார்களே, உனக்கு அம்மை வார்த்து நீ வேப்பிலையைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தாய், அந்த வருஷம். நாங்கள் நாலு பேர் ஒரு கேங். நான், சம்பங்கி, முனிசாமி, எங்களுக்கு மேஸ்திரி ஆசீர்வாதம். எங்கள் கேங்கில் ஒரு முறை வைத்திருந்தோம். கீழே சுரங்கப் பாதையில், லெவலில் நடக்கும்போது யாருக்காவது லைட் போய்விட்டால் அவனை முன்னால் விடவேண்டும். லைட் இருக்கிறவன் அவனுக்குப் பின்னால், அவன் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலே வெளிச்சம் காட்டிக்கொண்டு வரவேண்டும். ஆபீசர் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எங்களுக்கு முன்னாடி இருந்தவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. லைட் இல்லாதவன் முன்னால் போனால் மெதுவாகத்தான் போவான், எல்லாரும் மெதுவாகத்தான் போகணும். அன்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் சம்பங்கியின் பேட்டரி செத்துவிட்டது. முனிசாமியும் மேஸ்திரியும் முன்னாடியே போய்விட்டார்கள். ஆளை மேலே ஏற்றுகிற முதல் கேஜை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்கணும், நான் அன்று சீக்கிரம் மேலே போகணும் என்று குதித்துக்கொண்டிருந்தேன், உனக்கு அம்மை என்பதுதான் காரணம், இல்லை என்று சொல்லவில்லை. நீ முன்னாடி போனா ஆமை மாதிரி போவ, என் பெல்ட்ட புடிச்சினு பின்னாடி வா என்றேன். அவன் வேணாண்டா என்றான். நான் கேட்கவில்லை.

பெல்டைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். அவன் பயப்படக்கூடாது என்று நான் பேசிக்கொண்டே போனேன். முனிசாமியின் மாமனார் எருமை வாங்கப் போய்க் கிழட்டு எருமையைப் பிடித்துக்கொண்டு வந்த கதை, சம்பங்கி கேட்டியாடா, சம்பங்கி அப்புறம் இன்னா ஆச்சி தெரியுமா என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தேன். வழியில் பக்கத்திலே தாது தள்ளிவிடுகிற குழி ஒன்று உண்டு, அதன் மேல் போட்டிருந்த பலகை ஒன்று ஒதுங்கியிருந்திருக்கிறது. அவன் பூட்ஸ் கயிறு அவிழ்ந்து மிதித்துவிட்டானாம், பெல்டிலிருந்து ஒரு நிமிஷம் கையை எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். இரண்டு ஆள் உயரத்தில் குறுக்கே ஒரு கட்டை இருந்ததால் பிழைத்தான், இடுப்பு எலும்பு போனது. மூச்சடைத்துப் போய்க் கத்த முடியவில்லை. நான் கேஜ் நிற்கிற இடத்தின் வெளிச்சம் தெரிகிற வரைக்கும் அவனோடு பேசிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. முனிசாமிதான் குழியில் இறங்கி அவனைத் தோளில் போட்டு ஏற்றினான். மேஸ்திரி ஆசீர்வாதம் என் வேலை போய்விடக்கூடாது என்று, கால் இடறி விழுந்தான் என்று எழுதிக் கொடுத்தார். சம்பங்கியும் ஆமாம் என்றான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கப்புறம் என்னோடு அதைப் பேசவும் இல்லை. ஐடா பேனாவை வைத்துவிட்டுப் பார்க்கிறாள், இதை எழுதணுமா மச்சான் என்கிறாள். எழுது. பொய் சொன்னாய் என்று மகளைத் திட்டுகிறவன் தன் பொய்யையும் எழுதட்டும். அதற்காக உன் மேல் இருக்கிற கோபம் எனக்குக் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

நேற்று அந்தக் கடையில் நடந்ததற்குத் திரும்புகிறேன். சம்பங்கி போனை ஐடாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னான், வுழுந்தது ஒண்ணும் இல்லடா, ஒடம்பு வலி எல்லாம் ஆஸ்பத்திரியிலயே போயிடுச்சி, மேல நீ பேசிகினே போற, என் பேரச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிகினே போற, நா அங்க இல்ல, உனுக்கு அது தெரியல, நீ தூரமாப் போவப்போவ சிரிப்பு மட்டும் கேக்குது, அதாண்டா இன்னும் காதுல கீது என்றான். அப்புறம் அவனே, சரி, கெழவன் அழுதா பாக்கச் சகிக்காது, எழுந்து போய் மூணு டீ சொல்லு, எனக்குச் சக்கரை வேணாம் என்றான். டீ வந்ததும் மறுபடி அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, அந்த இரண்டாவது வண்டியில் விரலை வைத்து, இதுதாண்டா நம்ம மொற, யாரோ வெள்ளக்காரன் நம்ம கேங்குல வந்து பாத்துட்டுப் போய் செஞ்சிகிறான் என்றான். நானும் படத்தைப் பார்த்த முதல் நாளே அதைத்தான் நினைத்தேன், வாயில் வரவில்லை. முன்னால் காலை நீட்டி ஒருத்தன், அவன் தலைக்கு மேல் பார்த்து வழி காட்டுகிறவன் பின்னால். முன்னாடி உக்காந்தா எதுனா வந்து மோதுமே என்று ஹரோல்ட் சொன்னதையும் கேட்டேன். மோதுனா அவனுக்குத் தெரியும் இல்ல, இன்னா மோதிச்சின்னு, பின்னாடி உக்காந்தவனுக்கு அதுவும் தெரியாதே என்றான்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் போகட்டும் என்று விடு. கடையில் கூட்டமில்லாத நாளாகப் பார்த்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. வண்டியைச் சுற்றி முதலில் அவர் கையால் தடவிப் பார்க்கட்டும், செயின், பிரேக், சக்கரம் எல்லாம், கடைக்காரன் அவசரப்படுத்தினால் நிற்கச் சொல். அவருக்குக் கால் நீளம், இருக்கையை நகர்த்த முடிகிறதா என்று பார். பிறகு அவரை முன்னால் உட்கார வைத்து நீ பின்னால் உட்கார்ந்து ஓட்டு. உன் வாய் அவர் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கும், பள்ளம், திருப்பம், நாய், சிக்னல் எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போகலாம், அவர் தலை ஆடுகிறதா, தோள் இறுகுகிறதா என்று உன் கண் முன்னாலேயே தெரியும். மணி அவர் கையில் இருக்கட்டும். பயந்தால் காலை நிறுத்தட்டும், அதில்தான் நிறுத்த முடியும் என்றாயே. அந்தக் கொடி வைத்த கம்பி ஒன்று படத்தில் இருந்தது, அதையும் கட்டிக்கொள், தாழ்வாக இருக்கிற வண்டி லாரிக்காரனுக்குத் தெரியாது. நிமிர்ந்து உட்கார உன் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் வாய் திறந்து சொல், மறைக்காதே, அந்தப் பழக்கம் போதும். அப்படியென்றால் மூன்று சக்கர வண்டியை வாங்கி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போங்கள், கொட்டகைக் கதவை இடித்துப் பெரிதாக்கு, பாதை குறுகலென்றால் வேறு பாதையில் போ. அந்த முதல் வண்டி மட்டும் வேண்டாம். அது பாதி விலைக்குக் கிடைத்தாலும் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அதில் நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவாய். உன்னை எனக்குத் தெரியும், நீ என் மகள், நிறுத்தாமல் பேசுவாய். அவர் ம் ம் என்று சொல்லிக்கொண்டே வருவார், ஒருநாள் அந்த ம் நின்றுபோகும், அதுகூட உனக்குத் தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே போவாய்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றுமில்லை. காற்று மாசம் ஆரம்பித்துவிட்டது, மைன் கழிவு மண் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து தூசி பறந்து காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது, ஐடா காலையிலிருந்து மாலை வரை ஜன்னலை மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் இருக்கிறாள். கூரைத் தகடு ஒன்றை மாற்றணும், ஹரோல்ட் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்கிறான், அவன் விடிகாலை ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிறான், அவனையும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உன் சம்பளத்தில் எனக்கு எதுவும் அனுப்பாதே, இந்த மாதம் வண்டிச் செலவு இருக்கும். வெயில் காலத்துக்கு ஒரு தடவை வந்து போங்கள், இந்தத் தடவை டம்ளரை நானே மாப்பிள்ளையின் கையில் வைக்கிறேன், வாசற்படிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துவைக்க ஆளுக்கும் சொல்லியாகிவிட்டது.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நீ போகிற வழியில் உனக்குக் கண்ணாக இருக்கிறவர் உன் புருஷனுக்கும் கண்ணாக இருப்பாராக. உங்கள் இரண்டு பேர் கையும் காலும் சுகமாக இருக்கட்டும், வீட்டில் சண்டை வந்தால் சத்தமாக வரட்டும், அமைதியாக வேண்டாம். இவ்வளவு திட்டியதில் பாதியை ஐடா எழுதவில்லை என்று சந்தேகப்படுகிறேன், எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன், குரலை மெதுவாக்கி வாசித்தாள், ஆகவே நீ சத்தமாக வாசித்துக்கொள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அப்பா
இன்பராஜ்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மறக்காதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நேரம் நாலு மணிக்கு இங்கிருந்து ஒரு போன் வரும். எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நீ அடுத்த அறைக்குப் போய்விடு, ஸ்பீக்கரில் போடாதே. பேசப்போவது நான் இல்லை, எனக்கு அதற்கு யோக்கியதை கிடையாது. பின்னால் விடப்பட்டவனுக்கு எப்படி இருக்கும் என்று மாப்பிள்ளை விளக்கிச் சொல்லாமலே தெரிந்த ஒரு ஆள் வேண்டும், மாப்பிள்ளை வாய் திறந்தால் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும். அந்தப் புள்ள நம்பரக் குடு, நா பேசுறேன், உனுக்குப் பேச வராது என்று அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். மேஸ்திரி ஆசீர்வாதம் மைன் மூடிய அடுத்த வருஷம் நெஞ்சு தூசியில் போய்ச் சேர்ந்தார். குழியில் இறங்கி அவனை ஏற்றிய முனிசாமியைக் கொரோனாவில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள், முகம் பார்க்க விடவில்லை. அந்தக் கேங்கில் என்னைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்தன்தான், சம்பங்கி.